யாரும் பிடுங்காத ஒயர்

அத்தியாயம் பதினான்கு

நாத்தனார் போனை வைத்ததும் மருமகள் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று சென்ற வாரம் விட்டிருந்தோம். எழுந்துவிட்டாள், கவலைப்படாதீர்கள். எழாமல் என்ன செய்வது? பால் பொங்கி வழிந்தால் யார் துடைப்பது?

நாத்தனார் சொன்ன சேதி இதுதான். அவள் வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்துவிட்டது. ரயில் ஏறினால் மறுநாள்தான் இறங்க முடியும், அத்தனை தூரம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்புகிறார்கள்.

"அப்பாவும் எங்களோடதான் வர்றாரு அண்ணி. அவரோட மிச்சச் சாமானை வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்னாரு. அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயி, திரும்பக் கொண்டு வந்து விட்டுடுவான்."

கொண்டு வந்து விடுவதாம்! சொந்த வீட்டுக்கு வருகிற மனிதரைப் பற்றிய பேச்சு இது. மருமகளால் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்ல முடியவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு சொல்வாள்? மழைக்காலத்துக்கு முன்னால் அவரை இந்த வீட்டை விட்டுக் கிளப்பியதே அந்த வாய்தானே.

இன்று வெள்ளிக்கிழமை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மருமகளுக்கு வேலை, புத்தகம் வாசிப்பது. பார்வை இல்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து ஒரு நிலையத்துக்கு அனுப்புகிறாள். படுக்கையறையை ஒட்டி, சாமான் போட்டு வைக்கிற சின்ன அறை ஒன்று. அதன் சுவர் முழுக்கப் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வாசிப்பாள். கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் பதிவாகிவிடும் என்பதால் அது வெளியே, கூடத்து மேஜையில். மைக் ஒயர் மட்டும் கதவுக்கு அடியில் நுழைந்து உள்ளே போகும்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருப்பார். வேலையில் இருந்தவரை அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் போனை மாட்டிக்கொண்டு, யார் யாருக்கோ ஒயரைச் சொருகி இணைப்புக் கொடுத்த கை. இன்றைக்கும் போனை எடுத்தாலும் சரி, எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினாலும் சரி, "ஹலோ, யாரு பேசறது?" என்றுதான் ஆரம்பிப்பார். அவர்கள் குடியிருக்கும் கட்டடம் முழுக்க அவருக்கு 'ஹலோ சார்' என்றே பேர்.

ஹலோ சாருக்குக் காது மந்தம். இரண்டு காதிலும் மிஷின். ஆனால் மிஷின்களைக் கழற்றிச் சார்ஜ் பெட்டியில் போட்டுவிட்டு, ஹெட்செட்டை மாட்டிச் சத்தத்தைக் கூட்டி வைத்தால், அவர் காதிலிருந்து ஓர் எழுத்து தப்பாது. மருமகள் வாசிப்பதை அவர்தான் முதலில் கேட்பார். எங்கேயாவது ஒரு சொல்லை அவள் விழுங்கிவிட்டால் கதவில் இரண்டு தட்டு. அவள் அந்த வரியை மறுபடி வாசிப்பாள். இத்தனை வருஷத்தில் அவள் அனுப்பிய ஒரு பாடம்கூடத் திரும்பி வந்ததில்லை என்றால் அந்தத் தட்டுதான் காரணம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எந்த ஒயரையும் கேட்காமல் பிடுங்கமாட்டார். டேபிள் ஃபேனோ, இஸ்திரிப் பெட்டியோ, எதுவானாலும் கையை ஒயரில் வைத்துக்கொண்டு, "முடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். எக்ஸ்சேஞ்சில் பழகிய பழக்கம். பேசிக்கொண்டிருக்கிறவர்களின் இணைப்பைப் பாதியில் அறுப்பது அவர் தொழிலில் மகா பாவம்.

இது அத்தனையும் தெரிந்த மருமகள்தான் அன்றைக்கு அப்படிப் பேசினாள்.

கம்ப்யூட்டரில் சொருகுவதற்கு இடம் பத்தாத வீடு அது. பின்னால் நாலு யூஎஸ்பி போர்ட். கீபோர்டு, மவுஸ், மைக், பிரிண்டர் என்று நாலும் போய்விட்டது. முன்னால் இரண்டில் ஒன்று செத்துப்போன போர்ட். மிச்சம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் ஒரு ஹப்பை வாங்கிச் சொருகினாள் மருமகள். ஒரு வாய் போனால் நாலு வாய் கிடைத்தது. ஒன்றில் மாமனாரின் ஹெட்செட், ஒன்றில் அவருடைய காது மிஷின் பெட்டி, ஒன்றில் ஹார்ட் டிஸ்க், ஒன்று மட்டும் காலி.

அன்று ஒரு முழு வரலாற்றுப் புத்தகத்தை டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரில் இடம் இல்லையென்று பிரதி எடுக்காமல் அப்படியே நகர்த்தினாள். அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தால், டிஸ்க் விளக்கு அணைந்து கிடக்கிறது, திரையில் 'துண்டிக்கப்பட்டது' என்று ஒரு வாசகம். திறந்து பார்த்தால் பாதிப் புத்தகம் இல்லை. மீதிப் பாதி திறக்கவே மாட்டேன் என்றது. பரீட்சைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய புத்தகம். மேஜைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது மாமனார் ஒருவர்தான்.

அவள் போட்ட சத்தத்தில் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கி, மிஷினை மாட்டிக்கொண்டு, "நான் தொடலம்மா," என்றார் அவர்.

"நீங்க தொடலன்னா பேயா வந்து பிடுங்குச்சு?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "கை பட்டிருக்கும்போல," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாளா?

"காதுதான் கேக்கல, கையையாவது சும்மா வெச்சுக்கக் கூடாதா மாமா?"

அவர் ஹெட்செட்டைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தார். அன்றைய பொழுது சாய்வதற்குள் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்," என்று சிரித்த முகமாகத்தான் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் முடியவில்லை.

இனி இன்றைய கதை.

*

காலையில் கணவன் வேலைக்குக் கிளம்பியதும் மருமகள் ஒரு பார்சலைப் பிரித்தாள். உள்ளே உள்ளங்கையளவு ஒரு கார்டு. ஓரத்தில் தகரப் பட்டை, அதில் நாலு புது யூஎஸ்பி போர்ட். சிபியு பெட்டியைத் திறந்து உள்ளேயே பொருத்திவிட்டால் கம்ப்யூட்டரின் முதுகில் நாலு இடம் கூடுதலாகக் கிடைக்கும்.

நிலையத்து அம்மாள் புது மைக் அனுப்பியிருந்தார். கூடவே போனில் ஒரு வேண்டுகோள். "அந்த வரலாற்றுப் புத்தகத்தையே திரும்ப வாசிச்சுக் கொடுத்துடுங்களேன். போன வருஷம் பசங்க அது இல்லாமலே பரீட்சை எழுதினாங்க. இந்த வருஷமாவது இருக்கட்டும்."

புது மைக்குக்கு ஹப்பும் ஆகாது, பழைய போர்ட்டும் ஆகாது, புது ரகப் போர்ட்டில் நேரடியாகத்தான் சொருக வேண்டும் என்று மைக்கோடு வந்த தாளில் போட்டிருந்தது. சரி, பெட்டியைத் திறப்பதுதான் திறக்கிறோம், அதற்கு முன் இருப்பதைப் பத்திரப்படுத்திவிடுவோம் என்று பழைய டிஸ்க்கை எடுத்து ஹப்பில் சொருகினாள். ஒரு தடவை சூடு பட்டவள். இந்த முறை நகர்த்தவில்லை, பிரதிதான் எடுத்தாள். பச்சைக் கோடு திரையில் மெல்ல நகர்ந்தது. தன் போனில் சார்ஜ் இல்லை என்று அதையும் ஹப்பின் காலி இடத்தில் சொருகிவிட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பச்சைக் கோடு பாதிகூடத் தாண்டவில்லை. டொங் என்று ஒரு சத்தம். டிஸ்க்கின் விளக்கு அணைந்தது. திரையில் அதே வாசகம், துண்டிக்கப்பட்டது என்று.

மருமகள் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு காக்கா குஞ்சு இல்லை. மாமனாரின் சாய்வு நாற்காலி சுவரோரம் காலியாக இருந்தது. அவள் கை இன்னும் கன்னத்தில்தான் இருந்தது.



'சே, தற்செயல்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றி மறுபடி சொருகினாள். மறுபடி கோடு ஓடியது. மறுபடி டொங். போனைக் கழற்றிவிட்டுச் சொருகினாள். ஒழுங்காக ஓடியது. போனைச் சொருகினாள். டிஸ்க் ஒருமுறை முனகிவிட்டு அணைந்தது. போதும், இதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை என்று தெரிந்தும் இன்னொரு தடவை செய்து பார்த்தாள். மனசுக்குத் தப்பிக்க ஒரு சந்து வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஹப்புக்குக் கூடவே அடாப்டர் கொடுத்தேனே, அதைப் போட்டிருக்கீங்களா?" என்றார் அவர்.

"அடாப்டரா?"

"கறுப்பா, சின்னதா. பெட்டிக்குள்ளயே இருக்குமே. அது இல்லாம ஹெட்செட்டு, கீபோர்டு மாதிரி சாதுவெல்லாம் ஓடும் மேடம். டிஸ்க்கு, போன் சார்ஜு எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா கரண்ட் பத்தாது. டிஸ்க்கு தானாக் கழண்டுக்கும். வாங்கறப்பவே படிச்சுப் படிச்சு சொன்னேன், நீங்கதான் சரி சரின்னு கிளம்பிட்டீங்க."

சொன்னார்தான். இப்போது நன்றாக நினைவு வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் சுவரில் ஒரு ப்ளக் பாயிண்ட்கூடக் காலியாக இல்லை. இது இல்லாமலே விளக்கு எரிகிறதே, பின் எதற்கு இந்தத் தொல்லை என்று அடாப்டரை மேஜை இழுப்பறையில் போட்டவள் இவள்தான்.

இழுப்பறையைத் திறந்தாள். பழைய பேட்டரிகளுக்கும் உலர்ந்துபோன பேனாக்களுக்கும் அடியில் அது கிடந்தது. கட்டிய கம்பிகூட அவிழாமல், வாங்கியபடியே.

அதைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் அழுதாள். நான் மழுப்பப் போவதில்லை. வாய்விட்டே அழுதாள். பொய்யாகப் பழி போட்டோமே என்று மட்டுமில்லை. அந்த மனிதர் முதலில் 'தொடலம்மா' என்று சொன்னபோதே அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'முடிச்சாச்சா?' என்று கேட்காமல் இந்த வீட்டில் ஓர் ஒயரையாவது அவர் எடுத்து அவள் பார்த்திருக்கிறாளா? இல்லையே. அன்றைக்கு அந்தக் கேள்வி அவள் காதில் விழவில்லை. அது ஒன்று போதாதா, அவர் எடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ள? தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை. கோபம் கண்ணை மறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது அவளுக்கு.

ஒன்று மட்டும் புரியவில்லை. தொடவே தொடாதவர், 'கை பட்டிருக்கும்போல' என்று ஏன் ஒத்துக்கொண்டார்?

*

அழுது ஓய்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு சிபியு பெட்டியை எடுத்துத் தரையில் படுக்க வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு அவர் வருகிற வரை உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

பக்கத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றித் தகட்டை இழுத்தாள். உள்ளே தூசு கம்பளிபோலப் படிந்திருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தெடுத்தாள். தும்மல்மேல் தும்மல். கார்டு உட்காரவேண்டிய பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே பின்பக்கத் தகரத்தைக் கழற்றினாள். கழற்றும்போது ஒரு திருகாணி உள்ளே விழுந்து எங்கேயோ ஒளிந்துகொண்டது. அதைத் தேடுவதற்குள் உயிர் போய்விட்டது. கடைசியில் விசிறிக்கு அடியிலிருந்து இடுக்கியால் எடுத்தாள்.

கார்டைப் பள்ளத்தில் வைத்து அழுத்தினாள். உட்காரவில்லை. உடைந்துவிடுமோ என்று பயந்து பயந்து அழுத்தினால் எப்படி உட்காரும்? பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினாள். டக்கென்று உட்கார்ந்தது. பெட்டிக்குள் சும்மா தொங்கிக்கொண்டிருந்த மின்சார ஒயர் ஒன்றை எடுத்துக் கார்டின் வாலில் மாட்டினாள். இந்த முறை எதையும் இழுப்பறையில் போடவில்லை.

மூடி, நிமிர்த்தி, சுவிட்சைப் போட்டாள். புது போர்ட் ஒன்றில் டிஸ்க், இன்னொன்றில் போன், மூன்றாவதில் மைக். மூன்றும் ஒன்றாக ஓடின. டிஸ்க் விளக்கு அசையாமல் எரிந்தது. இவ்வளவுதான் விஷயம். அன்றைக்கே இதைச் செய்திருந்தால் புத்தகமும் போயிருக்காது, அவரும் போயிருக்கமாட்டார்.

நாலாவதை மருமகள் காலியாக விட்டாள். எட்டி எடுக்க வசதியான, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் போர்ட். அவருடைய காது மிஷின் பெட்டிக்கு. சாய்வு நாற்காலியைத் துடைத்து, இழுத்து, பழையபடி மேஜைக்குப் பக்கத்தில் போட்டாள்.

*

மணி அடித்தது. சொந்த வீட்டு வாசலில் நின்று மணி அடித்தார் ஹலோ சார்.

"ஹலோ! எப்படிம்மா இருக்கே? இளைச்சுட்டியே," என்றார். மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும். அவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது, பாவம். மிஷின் போட்டிருந்தால் கொஞ்சம் தேவலை. இல்லாவிட்டால் அவர் ரகசியம் பேசுவதற்கும் ஊர்வலத்தில் கோஷம் போடுவதற்கும் வித்தியாசம் இருக்காது.

பின்னாலேயே கணவன் மூச்சிரைக்க ஏறி வந்தான். ஊர் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக் அவன். அவன் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மட்டும் முந்தாநாளிலிருந்து படுத்துவிட்டது.

"சிரிக்காதே," என்றான் மனைவியிடம்.

"நான் சிரிக்கல," என்றாள். நிஜமாகவே சிரிக்கவில்லை.

"பெட்டி, போர்வை, அந்த நாற்காலி. மூணு நடையில எறக்கிடலாம். அப்பா, நீங்க உக்காருங்க, எதையும் தூக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டு அவன் தகரப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினான்.

மாமனார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலி மேஜைக்குப் பக்கத்தில் போட்டிருப்பதைப் பார்த்தார். உட்காரவில்லை. வாசலை ஒட்டிக் கிடந்த மோடாவில் போய் உட்கார்ந்தார், விருந்தாளி மாதிரி.

டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

சொல்லாமல் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் மேஜை முன் நிறுத்தினாள். ஹப்பில் டிஸ்க்கைச் சொருகினாள். அவர் கண் முன்னால் போனைச் சொருகினாள். டொங். விளக்கு அணைந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் மறுபடி செய்து காட்டினாள். டொங்.

"யாரும் தொடல மாமா. நீங்களும் தொடல. அது தானாவே நின்னுச்சு. இந்த ஹப்புக்குத் தனிக் கரண்ட் கொடுக்கணும்னு கடைக்காரர் சொல்லியும் கேக்காம, அடாப்டரை இழுப்பறையில போட்டது நான். புத்தகம் போனது என்னால. உங்களை..." அடாப்டரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "உங்களை நான் பேசினது பேச்சே இல்ல மாமா. காதைச் சொல்லிக் காட்டினேன். அதை நினைச்சா எனக்கு சோறு எறங்கல. நீங்க இங்கயே இருங்க. எனக்காகன்னு வேண்டாம், உங்க வீடு மாமா இது."

மாமனார் ஹப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாய்வு நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். மருமகளுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

அவர் காதிலிருந்த மிஷின் ஒன்று கீச்சென்று கத்தியது. சார்ஜ் தீர்ந்தால் அது அப்படித்தான் கத்தும்.

"காலையில போட மறந்துட்டேன்," என்றார்.

"இந்தாங்க, பெட்டியைக் கொடுங்க. உங்களுக்குன்னே ஒரு எடம் வெச்சிருக்கேன்."

அவர் மிஷின் இரண்டையும் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அவள் பெட்டியின் ஒயரை மேல் போர்ட்டில் சொருகினாள். பெட்டியில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. சார்ஜ் ஏறி முடிந்தால் பச்சையாகும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்காவது இவர் இங்கே இருப்பார் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். இருக்க இருக்க மனசு மாறலாம். அவர் முகத்திலும் ஏதோ ஒன்று இளகியிருந்தது. ஆனால் அது அவள் எதிர்பார்த்த விஷயத்துக்காக இல்லை.

"அப்போ அவன் பிடுங்கலையா?" என்றார் மாமனார்.

"யாரு மாமா?" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. கையை விரித்துக் காட்டினாள்.

அவர் அவளை அருகில் வரும்படி சைகை காட்டினார். வாயருகே கையை வைத்து மறைத்துக்கொண்டு ரகசியம் சொன்னார். ரகசியம்! சமையலறைப் பாத்திரம் அதிர்ந்திருக்கும்.

"உன் புருஷன்தாம்மா. அன்னிக்கு மத்தியானம் சாப்பிட வந்தான் பாரு, போனை இந்த ஹப்புல சார்ஜ் போட்டிருந்தான். கிளம்பற அவசரத்துல எட்டி ஒரு ஒயரை உருவினான். நான் ஹெட்செட்டோட இருந்தேன், சரியாப் பாக்கல. கொஞ்ச நேரத்துல நீ வந்து அலறினே. டிஸ்க்கு ஒயரைத்தான் மாத்தி உருவிட்டு, திரும்பச் சொருகிட்டான்னு நினைச்சேன். அந்த சமயம் உங்க ரெண்டு பேருக்கும் பேச்சே சரியில்ல. நீ பொறந்த வீட்டுக்குப் போறேன்னு துணியெல்லாம் எடுத்து வெச்சிருந்தே. நான் அவன் பேரைச் சொல்லியிருந்தா குடும்பம் என்னாகியிருக்கும்? சரி, எனக்கு வயசாச்சு, என் தலையில விழட்டும்னு விட்டுட்டேன்."

மருமகள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்பேர்ல எனக்கு வருத்தமே இல்லம்மா. நீ கோபத்துல பேசிட்டே, போயிடுச்சு. எனக்கு அவன் பேர்லதான் ஆத்திரம். அப்பன் திட்டு வாங்கறான், வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டே பாத்துட்டு நிக்கறான், நான்தான் பண்ணினேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. இப்படியாப் பிள்ளையை வளர்த்தேன்னு இருந்துச்சு. அதான் பொண்ணு வீட்டுக்குப் போனேன். வாராவாரம் என்னைப் பாக்க வருவான். சிரிச்சுப் பேசுவேன். மனசு ஒட்டாதும்மா. கோழைப்பயன்னே நினைச்சுட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவி, அவன் ஒண்ணுமே பண்ணலயா. நானே என் பிள்ளையைத் தப்பா நினைச்சுட்டேன். இதை அவன்கிட்ட சொல்லிடாதே, என்ன? அவனுக்குத் தெரியவே வேண்டாம்."

மருமகள் தலையாட்டிவிட்டு நிமிர்ந்தபோது கணவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

போர்வை மூட்டையை எடுக்க வந்தவன். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கீழ்ப்படியில் நின்றிருந்தாலும் அத்தனையும் கேட்டிருக்கும். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்னு நினைச்சீங்களாப்பா?" என்றான்.

அப்பாவின் முதுகு அவன் பக்கம் இருந்தது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். மனசிலிருந்த பாரம் இறங்கிய மனிதரின் முகம் அது. பார்க்க முடியவில்லை மருமகளால்.

"நீங்கதான் பண்ணினீங்கன்னு நான் நம்பிட்டேன்," என்றான் கணவன். "நீங்களே ஒத்துக்கிட்டீங்களேன்னு நம்பிட்டேன். உங்களுக்காக ஒரு வார்த்தை பேசல. வயசானவர், தெரியாமப் பண்ணிட்டாரு, இதுல நாம என்ன பேசறதுன்னு இருந்துட்டேன். நீங்க என்னை..."

மனைவியைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழம அவர் போறதுக்கு முன்னால எனக்குத் தெரியணும். என் மூஞ்சியப் பாத்து ஒரு தடவ கேட்டிருக்கலாமே, ஏன் கேக்கல? நீ கேளு அவரை."

மருமகள் கொஞ்சம் முன்னால்தான் மாமனாருக்குத் தலையாட்டியிருந்தாள், சொல்லமாட்டேன் என்று. இந்த வீட்டில் அவள் வாய் திறந்து கெட்டதே போதும். இனி அவள் வாயைத் திறப்பதாக இல்லை.

மாமனார் அவள் முகத்தைப் பார்த்தார். ஆபரேட்டர் வேலை பார்த்தவருக்கு, எதிரில் இருப்பவர் இன்னொருவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரியும்.

"என்னம்மா?" என்றார். "யாரு பேசறது?"

மேஜைமேல் காது மிஷின் பெட்டியில் ஆரஞ்சு விளக்கு இன்னும் மாறவில்லை. மருமகள் அதன் ஒயரைக் கையில் பிடித்தாள். பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றாள். முடிந்துவிட்டதா என்று கேட்க அவளுக்கு யாரும் இல்லை.

ஒயரை உருவினாள். மிஷின் இரண்டையும் எடுத்து மாமனாரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் ஒன்றும் புரியாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

"உங்க பையன் பேசறாரு மாமா," என்றாள் மருமகள். "திரும்பிப் பாருங்க."